அவனை உள்ளே கொண்டுவருவது யார்?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற மேல்சித்தாமூரை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது சமண மடத்தால். பார்சுவநாதர் கோயிலைப் பார்க்க எங்கிருந்தோ வருகிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பையன்களை ஒரே இடத்தில் உட்காரவைக்கிற விஷயம் வேறு. அது கபடி. மல்லாட்டை பிடுங்கின கழனியில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிப் பழகியவர்கள் ப்ரோ கபடி ஏலம் நடக்கும் நாட்களில் டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை. போன சீசனில் சோபிக்காத ரைடர் ஒருவன் புது அணிக்குப் போகிறான் என்ற செய்தி வந்ததும் விவாதம் தொடங்கிவிடும்.

"அங்க அவனுக்கு செட் ஆகலடா. நம்ம டீமுக்கு வரட்டும், தெறிக்க விடுவான் பாரு."

"அவன் முடிஞ்சிட்டான் மச்சான். எந்த டீமுக்குப் போனாலும் அவ்ளோதான்."

இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினாலும் இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: ஆட்டம் என்பது அந்த ஒருவனுக்குள் இருக்கிறது. ஒருவர் சட்டை மாறினால் அது வெளியே வரும் என்கிறார், மற்றவர் வற்றிவிட்டது என்கிறார். மேல்சித்தாமூரில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும், தொலைக்காட்சி வர்ணனையிலும்கூட இதே நம்பிக்கைதான் ஓடுகிறது. குருப்பெயர்ச்சிப் பலன் பார்ப்பதைப்போல அணிப்பெயர்ச்சிக்கும் பலன் பார்க்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. வீரர்களுக்கு அது கெடுதலும் செய்கிறது.

கபடியின் விதியே இதற்கு எதிரான முதல் சாட்சி. ரைடுக்குப் போனவன் பிடிபட்டால் களத்துக்கு வெளியே போய் உட்கார வேண்டும். அவன் அணி எதிராளியைத் தொட்டோ பிடித்தோ ஒரு புள்ளி எடுத்தால்தான், வெளியே போன வரிசைப்படி ஒருவன் உள்ளே வரலாம். போனஸ் புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது. நாற்பது நிமிட ஆட்டத்தில் ஒரு ரைடர் எத்தனை நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்பது பெரும்பாலும் அவன் கையில் இல்லை. பின்னால் நிற்கும் பிடிக்காரர்களான கார்னரும் கவரும் எதிரணியின் ரைடரை மடக்கிப் போட்டால் அடுத்த நிமிடமே திரும்பி வருவான். அவர்கள் தொடர்ந்து கோட்டை விட்டால், இரண்டு கோடி கொடுத்து வாங்கிய கால்களும் கோட்டுக்கு வெளியே மடங்கித்தான் கிடக்கும். இப்படி அடுத்தவன் புள்ளி எடுத்துத்தான் நட்சத்திரம் களத்துக்குத் திரும்ப முடியும் என்று விதியே எழுதிவைத்திருக்கும் விளையாட்டுகள் அபூர்வம். அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே "எல்லாம் அவன் ஒருத்தன்தான்" என்று சொல்வது வருத்தம் தருகிறது.

பர்தீப் நர்வாலின் கதையை எடுத்துக்கொள்வோம். சட்டை மாற்றம் என்ற வாதத்துக்கு ரசிகர்கள் முதலில் காட்டும் ஆதாரம் அவர்தான். 2015-ல் பெங்களூரு புல்ஸில் அறிமுகமானபோது அவரை யாரும் கவனிக்கவில்லை. ஆறே ஆட்டம், பத்துக்கும் குறைவான புள்ளிகள். 2016 தொடக்கத்தில் பாட்னா பைரேட்ஸுக்குப் போனார். அந்த சீசனிலேயே 116 ரைடு புள்ளிகளோடு முதலிடம். 2017-ல் ஒரே சீசனில் 369. பாட்னா அடுத்தடுத்து மூன்று முறை சாம்பியன். "பாத்தியா, டீம் மாறினான், ஆளே மாறிட்டான்" என்று சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆனால் 2016-ல் பாட்னாவில் அவருக்குப் பக்கத்தில் ரோகித் குமார் இருந்தார். அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது ரோகித்துக்குத்தான் போனது. எதிரணியின் பிடிக்காரர்கள் ரோகித்துக்காக வகுத்த திட்டத்தின் இடைவெளியில் புகுந்துதான் பத்தொன்பது வயதுகூடத் தாண்டாத பர்தீப் புள்ளி எடுத்தார். 369 புள்ளிகள் எடுத்த ஆண்டில் மறுபக்கம் மோனு கோயத் இருந்தார், கிட்டத்தட்ட 190 ரைடு புள்ளிகளோடு. அடுத்த ஆண்டு, 2018-ல், மோனுவை 1.51 கோடி கொடுத்து அரியானா ஸ்டீலர்ஸ் வாங்கியது. அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. அரியானா தன் பிரிவில் கடைசி இடம் பிடித்தது. மோனு இல்லாத பாட்னா, பர்தீப் இருந்தும், பிளே-ஆஃபுக்குக்கூடப் போகவில்லை. ஒரே சீசனில் இருவருமே சிறுத்துப்போனார்கள். புதுச் சட்டை போட்டவர், பழைய சட்டையிலேயே இருந்தவர், இருவருமே.

பெங்களூரு புல்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தால் சட்டை வாதம் இன்னும் மோசமாகக் கிழிகிறது. 2015-ல் பர்தீப்பைக் கண்டுகொள்ளாத அதே அணி, அதே பயிற்சியாளர் ரந்தீர் சிங். அந்த அணிக்குத்தான் 2018-ல் பவன் செராவத் திரும்பி வந்தார். முந்தைய சீசனில் குஜராத்தில் அவர் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். பெங்களூருவில் 270க்கும் மேல் ரைடு புள்ளிகள். 2019 ஜனவரியில் மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில், தன்னை உட்காரவைத்த குஜராத்துக்கு எதிராகவே 22 புள்ளிகள். புல்ஸ் 38-33 என்று கோப்பையை வென்றது. அந்த இரவைப் பார்த்த யாருக்கும் மறக்காது. அந்த அணியின் கேப்டன் யார் தெரியுமா? ரோகித் குமார். பாட்னாவில் பர்தீப்புக்குப் பக்கத்தில் நின்ற அதே ஆள். இரண்டு "புதுவாழ்வு"க் கதைகளிலும் கூட நின்ற ரைடர் ஒருவரே என்பதை ஏலப் பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு 2024. பர்தீப் 70 லட்சத்துக்குப் பெங்களூருவுக்கே திரும்பினார். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டார், வட்டம் முழுமையானது, இனி வெடிப்பார் என்று எத்தனை பேர் பேசினார்கள்! அதே பயிற்சியாளர்தான். புல்ஸ் பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம். 2025 ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை. ப்ரோ கபடியில் 1,800 ரைடு புள்ளிகளைத் தொட்ட ஒரே மனிதர் அதற்குப் பிறகு ஓய்வை அறிவித்தார். அணி ஒன்று, பயிற்சியாளர் ஒருவர். ஒருமுறை ஒன்றும் நடக்கவில்லை, ஒருமுறை கோப்பை, ஒருமுறை கடைசி இடம். சட்டைக்கு ராசி இருந்தால் எந்த முறை இருந்தது?

நம் அணியான தமிழ் தலைவாஸின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. 2019-ல் ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு வாங்கினார்கள். முதல் ஆறு சீசனும் தெலுங்கு டைட்டன்ஸின் முகமாக இருந்தவர். ஏற்கெனவே அஜய் தாகூர், மஞ்ஜீத் சில்லர் இருக்கிறார்கள். மூன்று பெயரைச் சேர்த்து எழுதிப் பார்த்தாலே கோப்பை வந்துவிட்டது போலிருந்தது. முடிவில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். ராகுலுக்கு வயதாகிவிட்டது, தாகூருக்குப் பசி போய்விட்டது என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினோம். வெளியே போய் உட்கார்ந்த ரைடர்கள் எவ்வளவு நேரம் வெளியிலேயே காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க மட்டும் யாரும் முன்வரவில்லை.

2022-ல் 2.26 கோடி. லீக் வரலாற்றில் அதுவரை இல்லாத விலைக்குப் பவன் செராவத் சென்னைக்கு வந்தார். அக்டோபரில் முதல் ஆட்டம், குஜராத்துக்கு எதிராக. எதிராளியைப் பிடிக்கப் போன இடத்தில் பவனின் முட்டி போனது. அந்த சீசன் அவருக்கு அங்கேயே முடிந்தது. விழுப்புரம் பக்கத்துப் பையன்கள் அன்றைக்கு இழவு வீட்டில் உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் தலைவாஸ் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக பிளே-ஆஃபுக்குப் போனது அந்த ஆண்டில்தான். யு.பி. யோதாஸுடன் சமன் ஆன ஆட்டத்தை டைபிரேக்கரில் வென்று அரையிறுதி வரை போனது, அங்கே புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளியில், 37-39 என்று தோற்றது.

எப்படி நடந்தது? நரேந்தர் என்ற அறிமுக ரைடர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நம் வழக்கம். மறுபாதி பின்வரிசையில் இருந்தது. வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாகில் குலியா, கவரில் மோகித்தும் நம்மூர் அபிஷேக்கும். நரேந்தர் பிடிபட்டு வெளியே போன ஒவ்வொரு முறையும் அவரை இழுத்து உள்ளே விட்டவர்கள் இவர்கள். நடுவில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் இளம் கால்களை நம்பி ஆடவிட்டார். பிடி மட்டும் இருந்தால் போதும் என்றும் இதற்கு அர்த்தமில்லை. முந்தைய சீசனில் இதே சாகர் 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தும் தலைவாஸ் பதினோராவது இடத்தில்தான் முடிந்தது. பிடித்துக் கொடுத்தவர்களுக்கு ஈடாக எடுத்துக் கொடுக்க அப்போது ஆள் இல்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்காது.

பவன் அடுத்த ஆண்டு தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். இம்முறை 2.605 கோடி. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றுவிட்டு வந்த கையோடு சீசனில் இறங்கினார். அவர் பங்குக்கு 200 ரைடு புள்ளிகளைத் தாண்டினார். டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் வென்றது இரண்டு! நாட்டின் கேப்டன், உச்ச விலை, புது அணி, நல்ல ஃபார்ம், எல்லாம் இருந்தும் இரண்டு. 2025-ல் 59.5 லட்சத்துக்கு மறுபடி தலைவாஸுக்கு வந்தார், சில ஆட்டங்களோடு அந்த உறவும் முறிந்தது. இந்த மனிதர் ஒருவரின் வாழ்க்கையையே வைத்து, இடம் மாறினால் விதி மாறும் என்பதை நிரூபிக்கவும் முடியும், பொய் என்று காட்டவும் முடியும். அப்படி இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிற ஒன்றைக் காரணம் என்று எப்படி ஏற்பது?

இந்த இடத்தில் எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்று வரும். கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ். மஞ்சள் சட்டை போட்டால் கிழவனும் குமரனாவான் என்று தமிழ்நாடே நம்புகிறது. வாட்சன் 2018 இறுதி ஆட்டத்தில் அடித்த 117, ரகானே 2023-ல் 170க்கு மேல் ஸ்ட்ரைக் ரேட்டில் எடுத்த 326 ரன்கள், அதே ஆண்டு சிவம் துபேயின் 35 சிக்ஸர்கள். இவை உண்மைதான். ஆனால் துபேவுக்கு அங்கே கிடைத்தது ஒரு திட்டமான வேலை: நடு ஓவர்களில் சுழலை அடி, பந்து வீசுவதைப் பற்றிக் கவலைப்படாதே. முந்தைய அணிகளில் அந்தத் தெளிவு அவருக்குக் கிடைக்கவில்லை. ரகானே மறு ஆண்டும் அதே மஞ்சளில்தான் ஆடினார். 242 ரன்கள், ஸ்ட்ரைக் ரேட் 120களில். 2023-ல் 16.25 கோடிக்கு வாங்கப்பட்ட பென் ஸ்டோக்ஸ் ஆடியது இரண்டே ஆட்டம். சட்டையில் மாயம் இருந்தால் அவருக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டாமா?

டீக்கடைப் பேச்சுதானே, விட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். விட முடியாததற்குக் காரணம் உண்டு. அந்தப் பேச்சு பெஞ்சிலேயே முடிவதில்லை. காணும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் செஞ்சி, வல்லம், திண்டிவனம் பக்கத்தில் விளக்குப் போட்டு இரவெல்லாம் ஆடும் போட்டிகளுக்கு அது வந்துவிடுகிறது. அங்கேயும் வெளியூர் ஆள் எடுத்து ஆடும் வழக்கம் உண்டு. ஒரு பையன் சொந்த ஊர் அணியில் நான்கு போட்டி சொதப்பினால் "வேற டீமுக்குப் போடா, செட் ஆகும்" என்று அண்ணன்மார்கள் யோசனை சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். முட்டி ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்பதில்லை. மண் தரையில் வெறுங்காலோடு ஆடியவன் மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடும்போது திரும்பும் இடத்தில் ஏன் தடுமாறுகிறான் என்று பார்ப்பதில்லை. ஓர் ஆட்டத்தில் அவன் எத்தனை ரைடு போனான், அதில் எத்தனை மூன்றாவது ரைடு, அதாவது புள்ளி எடுக்காவிட்டால் வெளியே போக வேண்டிய ரைடு, அவன் தலையில் கட்டப்பட்டது என்றும் எண்ணுவதில்லை. அவனும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் அணிக்குப் போகிறான், அதே முட்டியோடு. அங்கேயும் சரிவராதபோது, இரண்டாவது கட்சிக்காரர் தயாராக இருக்கிறார்: "நான்தான் அப்பவே சொன்னேனே, அவன் முடிஞ்சிட்டான்." பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுகூட ஆகியிருக்காது.

மேல்சித்தாமூர் பக்கத்துப் பையன்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. அவர்களே ஆடுகிறவர்கள். தன் அணியின் கார்னர் காலைப் பிடித்து இழுத்துப் போட்ட அடுத்த நொடி, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் துள்ளி எழுந்து உள்ளே ஓடுவதை அவர்கள் நூறு முறை பார்த்திருக்கிறார்கள், அப்படி ஓடியும் இருக்கிறார்கள். அடுத்த ஏலத்தில் ஒரு பெயர் வந்து விழும்போது, அவன் தெறிக்க விடுவானா என்று கேட்பதற்கு முன், அந்த அணியில் இடது கார்னரில் யார், இரண்டாவது ரைடர் யார், மூன்றாவது ரைடுக்கு யாரை அனுப்புவார்கள், முட்டியைப் பார்த்த மருத்துவர் என்ன சொன்னார் என்று பெஞ்சில் யாராவது ஒருவர் கேட்கட்டும்.