வேர் நமதாயின் வேற்றிசையும் உரமே!

மேலையிசை கலந்த திரைப்பாடல்களில் நம் மக்கள் உள்ளம் பறிகொடுப்பதேன்? அயல்மேற் கொண்ட வேட்கை என்பர் சிலர். அஃது உண்மையன்று.

நம் பண், ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்லும் தனியோட்டம். மேலையரோ பல ஒலிகளை ஒரே வேளையில் அடுக்கி இசைப்பர். 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி'யில் பண்ணைப்புரத்து இளையராசா இரண்டையும் இணைத்தார். ஆயினும் மெட்டு நம் நாட்டுப்புற மெட்டாகவே நின்றது; மேலையடுக்கு அதனைக் கீழிருந்து தாங்கியது. இந்திப் பாடல்கள் முழங்கிய நம் தெருக்களில் தமிழ்ப்பாட்டு நிமிர்ந்தது. ஈர்ப்பின் கமுக்கம் இதுவே.

வயலினும் அயற்கருவிதான். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு 19ஆம் நூற்றாண்டில் அதனை நம் இசைக்குப் பழக்கினார். கருவி நம் வழிக்கு வந்தது; பண் அதன் வழிக்குப் போகவில்லை.

இன்றோ பல பாடல்களில் முழக்கம் ஓங்கிச் சொல் மூழ்குகிறது, ழகரம் சிதைகிறது, ஆங்கிலம் மிகுகிறது. இது கலப்பன்று, கரைவு! கருவியைக் கடன்கொள்ளலாம், நாவை அடகு வைக்கலாமா?

இசையமைப்போரே, பண்ணையும் நாட்டுப்பாடலையும் முதலிற் கற்பீர்! ஒலிப்பதிவில் சொல்லை மேலே நிறுத்துவீர்! தமிழ்ச்சொல் தெளிவாய் ஒலிக்கும் பாட்டையே கேட்போம் எனத் தமிழர் உறுதி கொண்டால், இசையும் திருந்தும், மொழியும் வாழும்!