டெலிபோன் கம்பெனிகளின் 3.9 மந்திரம்

இங்கிலாந்து தேசத்தில் டெலிபோன், பிராட்பேண்டு கம்பெனிகள் சில வருஷங்களாக மார்ச்சு முடிந்து ஏப்ரல் பிறக்கும் சமயமெல்லாம் ஜனங்களுடைய கட்டணத்தை ஏற்றி வந்த விதத்தை நமது தோழர்கள் அறிந்திருக்க வேண்டியது மிகவும் அவசியமாகும். “வெள்ளைக்காரன் வீட்டு டெலிபோன் பில்லைப்பற்றி நமக்கென்ன கவலை?” என்று சிலர் கேட்கக்கூடும். தர்ப்பைப்புல்லும் பஞ்சாங்கமும் இல்லாத ஊரில் புரோகிதமே இராது என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்காகத்தான் இதை முக்கியமாய் எழுதுகின்றோம்.

சங்கதி இதுதான். அந்நாட்டுச் சர்க்காரின் புள்ளிவிவர இலாகா மாதந்தோறும் விலைவாசிக் குறியீடு என்று ஒரு கணக்கை வெளியிடுகிறது. டிசம்பர் மாதத்து ஏற்றம் ஜனவரியில் தெரியவரும். பிரிட்டிஷ் டெலிகாம் என்னும் பெரிய கம்பெனி 2021 முதல் என்ன செய்ததென்றால், இந்தக் கணக்கை எடுத்து அதன்மேல் நூற்றுக்கு 3.9 கூட்டி, அத்தனையையும் சந்தாதாரர் தலையில் வைத்தது. ஓடபோன் கம்பெனியும் அதே 3.9 என்றது. டாக்டாக் என்கிற கம்பெனி 3.7 என்றது. வர்ஜின் மீடியா கம்பெனியோ இன்னும் ஒருபடி மேலே போய், சாதாரணக் குறியீட்டை விட்டுவிட்டு, 2013-லேயே தேசியப் புள்ளிவிவரம் என்னும் யோக்கியதையை இழந்துவிட்ட சில்லறை விலைக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் 3.9 வைத்தது. பழைய குறியீடு பெரும்பாலும் அதிக எண்ணைக் காட்டுகிறதல்லவா? காரணம் அவ்வளவுதான்.

ஏன் 3.9? ஏன் 2 அல்ல, ஏன் 5 அல்ல? ஒன்றோடொன்று போட்டி போடுவதாகச் சொல்லிக்கொள்ளும் கம்பெனிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே எண் எப்படி வாய்த்தது? திதிக்கு 5 பலம் அரிசி ஏன், 3 வாழைக்காய் ஏன் என்று புரோகிதரைக் கேட்டால் “சாஸ்திரம்” என்பார். கம்பெனியைக் கேட்டால் “ஒப்பந்தம்” என்கிறது.

இந்த மந்திரம் வேலை செய்த விதத்தைக் கணக்காகவே பார்ப்போம். முதல் வருஷமாகிய 2021-ல் விலைவாசி ஏறினது நூற்றுக்கு 0.6 மாத்திரமே. ஆனால் கட்டணம் ஏறினது 4.5. அதாவது விலைவாசி என்கிற சாமி வராத வருஷத்திலும் பூசாரியின் தட்சணை நிற்கவில்லை. பிறகு 2022-ல் 9.3, 2023-ல் 14.4, 2024-ல் 7.9. மாதம் 30 பவுன் கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மேல் இந்தக் கடைசி மூன்று ஏற்றங்களும் விழுந்திருந்தால், முதலில் 32 பவுன் 79 பென்னி, அடுத்து 37 பவுன் 51 பென்னி, முடிவில் 40 பவுன் 48 பென்னி. வெறும் விலைவாசி மட்டும் ஏற்றப்பட்டிருந்தால் 36 பவுன் 34 பென்னியில் நின்றிருக்கும். மிச்சமுள்ள 4 பவுன் 14 பென்னி, மாதாமாதம், அந்த 3.9 என்னும் மந்திரத்துக்கான காணிக்கை. அதுவும் ஏறின தொகையின் மேலேயே மறுபடி ஏற்றம். வட்டிக்கு வட்டி போடும் லேவாதேவிக்காரன் கணக்கு.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விலைவாசிக் குறியீட்டில் அரிசி, ரொட்டி, வாடகை மாதிரி டெலிபோன் கட்டணமும் ஒரு சரக்காகச் சேர்ந்திருக்கிறது. ஆகவே இவர்கள் ஏற்றுகிற கட்டணம் குறியீட்டை ஏற்றும். குறியீடு ஏறினால் இவர்கள் கட்டணம் ஏறும். அதன் பங்கு சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் தானே அடுப்பை ஊதிவிட்டு, “சூடு அதிகமாகிவிட்டது, விசிறிக்குக் கூலி கொடு” என்று கேட்கிறவனை நாம் என்னவென்று அழைப்போம்?

நிற்க. பழைய கதையையும் சொல்லவேண்டும். இந்தக் கம்பெனி முன்னே சர்க்கார் தபால் இலாகாவைச் சேர்ந்ததாயிருந்து, தாச்சர் அம்மையார் காலத்தில், 1984 நவம்பரில், பாதிக்கு மேல் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டது. ஏகபோகத்தைத் தனியார் கையில் கொடுத்தால் கொள்ளையடிப்பார்களே என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. அதற்காக ஸ்டீபன் லிட்டில்சைல்டு என்னும் பொருளாதாரப் பேராசிரியர் சொன்ன யோசனைப்படி ஒரு கடிவாளம் போட்டார்கள். அது என்ன தெரியுமா? விலைவாசி ஏற்றத்தில் 3-ஐக் கழித்து, அதற்குமேல் கட்டணம் ஏறக்கூடாது என்பது. விஞ்ஞானம் வளர வளரச் செலவு குறையும். குறைகிற லாபத்தில் ஜனங்களுக்கும் பங்கு வேண்டும் என்பதே அதன் தத்துவம். கழிக்கவேண்டிய எண் 1989-ல் 4.5 ஆயிற்று, 1991-ல் 6.25 ஆயிற்று, 1993-ல் 7.5 ஆயிற்று. பிறகு “போட்டி வந்துவிட்டது, இனிக் கடிவாளம் வேண்டாம்” என்று 2006-ல் ஆப்காம் என்னும் கண்காணிப்பு ஸ்தாபனம் அதைக் கழற்றி எறிந்தது. பதினைந்து வருஷத்திற்குள் கழித்தல் கூட்டலாய்விட்டது! சர்க்கார் கையில் இருந்தபோது எல்லாம் சொர்க்கமாக இருந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு டெலிபோனுக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் அங்கும் உண்டு. ஆனால் விஞ்ஞானம் செலவைக் குறைக்கும் என்பது 1984-ல் உண்மையாயிருந்து 2021-ல் எப்படிப் பொய்யாயிற்று என்றுதான் கேட்கின்றோம்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் சமாதானங்களையும் பார்ப்போம். பூமிக்கடியில் கண்ணாடி இழை பதிக்கிறோம், கோடி கோடியாய்ச் செலவாகிறது என்பது ஒன்று. பதிப்பது மெய், செலவும் மெய். ஆனால் அந்த இழை யாருடைய சொத்து? சந்தாதாரனுடைய காசில் பதித்து, பங்குக்காரன் பேரில் பத்திரம் எழுதிக்கொண்டு, அதற்கு வாடகையும் சந்தாதாரனிடமே வாங்குவது கோயில் கட்ட உண்டியல் குலுக்கிவிட்டு, கட்டினவனையே வாசலில் நிறுத்தி டிக்கட் கேட்பதற்கு ஒப்பாகும். ஆட்களுக்குச் சம்பளம் ஏறிவிட்டது என்பது மற்றொன்று. இது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அதே கம்பெனியின் சுமார் 40,000 தொழிலாளிகள், கொடுத்த சம்பள உயர்வு விலைவாசிக்குப் போதாது என்று 2022 ஜூலை 29-ந் தேதி வேலைநிறுத்தம் செய்தார்கள். 1987-க்குப் பிறகு அதுவே அங்கு நடந்த முதல் தேசிய வேலைநிறுத்தம். சந்தாதாரனுக்கு விலைவாசியும் அதற்குமேல் 3.9-ம், தொழிலாளிக்கோ விலைவாசி அளவுகூட இல்லை. இதற்கிடையில் பங்குக்காரர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 7.7 பென்னி லாபம் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

“நீதானே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாய்?” என்பது அவர்களுடைய கடைசி ஆயுதம். பிராட்பேண்டுச் சந்தாதாரர்களில் பாதிப்பேருக்குமேல் இந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்பதே தெரியாதென்று ஆப்காம் செய்த விசாரணையிலேயே வெளியாயிற்று. தெரிந்தவருக்கும்கூட அடுத்த டிசம்பரில் அது எவ்வளவு இருக்கும் என்று எப்படித் தெரியும்? அர்த்தம் தெரியாத மந்திரத்தைத் திருப்பிச் சொல்லச் செய்துவிட்டு, “நீயே சங்கல்பம் செய்தாயே” என்று மடக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நடுவில் விலகலாமென்றால், ஏற்றம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால் மீதி மாதங்களுக்கு அபராதம் கட்டவேண்டும்.

எல்லாவற்றையும்விட அக்கிரமமானது வெறும் தரைவழி டெலிபோன் மாத்திரம் வைத்திருந்த முதியவர்கள் விஷயம். கம்பியின் மொத்தக் கட்டணம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்த அதே காலத்தில், பெரிய கம்பெனிகள் எல்லாம் வீட்டுக்காரர்களிடம் வாங்கிய லைன் வாடகையைக் கால் பங்குக்குக் குறையாமல் ஏற்றியிருந்தன. பெரும்பாலும் வயது சென்றவர்கள். ஒரே கம்பெனியில் பல்லாண்டாய் இருந்தவர்கள். கடைகடையாய் விசாரிக்கும் வழக்கமில்லாதவர்கள். 2017-ல் ஆப்காம் இதைக் கண்டுபிடித்து மிரட்டின பிறகு, 2018 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் டெலிகாம் மாத வாடகையை 18 பவுன் 99 பென்னியிலிருந்து 11 பவுன் 99 பென்னிக்கு இறக்கிற்று. ஒரே நாளில் 7 பவுன்! இறக்கியும் கம்பெனி மூழ்கிவிடவில்லை. அதற்கு முன் வாங்கினதைத் திருப்பிக் கொடு என்று சந்தாதாரர்கள் பேரால் 100 கோடி பவுனுக்குமேல் கேட்டு ஒரு பெரிய வழக்கு நடந்தது. 2024 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன போட்டி முறையீட்டு மன்றம், “விலை மிதமிஞ்சியதுதான், ஆனால் அநியாயமானதல்ல” என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. சுவர்க்கத்துக்கும் பூமிக்கும் நடுவே திரிசங்குவுக்கு ஓர் இடம் கண்டுபிடித்த புராணக்காரன் இந்தத் தீர்ப்பைப் பார்த்தால் வெட்கப்பட்டிருப்பான்.

இப்பொழுது அந்தச் செப்புக்கம்பி டெலிபோனையே 2027 ஜனவரி முடிவுக்குள் எடுத்துவிடப் போகிறார்கள். இனி மின்சாரம் நின்றால் போனும் நிற்கும். வேறு வழியில்லாதவர்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கும் பாட்டரியாவது கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

கூச்சல் அதிகமானபின் 2025 ஜனவரி 17 முதல், புது ஒப்பந்தங்களில் குறியீட்டு மந்திரம் கூடாது, ஏற்றம் இத்தனை பவுன், இத்தனை பென்னி என்று முன்னாடியே சொல்லவேண்டும் என ஆப்காம் உத்தரவு போட்டது. பஞ்சாங்கம் ஒழிந்தது, சந்தோஷம். தட்சணை ஒழியவில்லை. பிரிட்டிஷ் டெலிகாம் வருஷத்துக்கு 3 பவுன் என்று வைத்தது. 60 பவுன் கட்டும் பணக்காரனுக்கு இது நூற்றுக்கு 5. 25 பவுன் கட்டும் ஏழைக்கு நூற்றுக்கு 12!

போட்டி வந்தால் விலை தானாய்க் குறையும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. போட்டியின் பலன் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவனுக்கு மட்டும். நம்பி இருந்துவிட்டவனுக்குத் தண்டனை. பிராட்பேண்டு உட்பட ஐந்து வியாபாரங்களில் இந்த விசுவாசத்தண்டனை வருஷத்துக்கு 410 கோடி பவுன் என்று 2018-ல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் ஸ்தாபனம் புகார் கொடுத்தது. நமது நாட்டிலும் 2024 ஜூலையில் மூன்று தனியார் செல்போன் கம்பெனிகளும் ஒருவர்பின் ஒருவராய் இரண்டொரு நாளில் கட்டணத்தை ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

லண்டன் முதலிய இடங்களில் உற்றார் உறவினர் உள்ள தோழர்கள் அவர்களுக்கு ஒன்று எழுதுவது நலம். சர்க்கார் உதவித்தொகை வாங்கும் ஏழைகளுக்கும், பென்ஷன் கிரெடிட் பெறும் முதியவர்களுக்கும் மாதம் 20 பவுன் சுமாருக்கும் அதற்குக் குறைவாகவும் “சோஷியல் டாரிப்” என்று ஒரு சலுகைக் கட்டணம் இருக்கிறது. தகுதியுள்ள வீடுகளில் பத்தில் ஒன்றளவே அதைப் பெற்றிருந்ததாகக் கணக்கு. கம்பெனிகள் தாமாக முன்வந்து சொல்வது அபூர்வம், கேட்கத்தான் வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன் கம்பெனி கட்டாயம் ஒரு அறிவிப்பு அனுப்பவேண்டும். அதைக் குப்பையில் போடவேண்டாம். 2024 செப்டம்பர் 12 முதல் கம்பெனி மாற விரும்புகிறவர் புதுக் கம்பெனியிடம் சொன்னால் போதும். பழையவனுக்குப் போன் செய்து மணிக்கணக்கில் அவன் போடும் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.