செப்புத் தகட்டில் தமிழ்நாடு

அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காவிரியிலிருந்து பார்த்த திருச்சி மலைக்கோட்டை. போட்டோ மாதிரியும் இருக்கும். வர்ணச் சித்திரம் மாதிரியும் இருக்கும். செய்யாற்றில் ஒரு கல்யாண வீட்டுக் கூடத்தில் அதன் பிரதி ஒன்று மாட்டியிருந்தது. பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் எழுந்து போய் அதை உற்றுப் பார்த்தார். ஐம்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர் அவர். திரும்பி வந்து, "ஏன் சார், இது கையால் செய்ததா, மெஷினில் அடித்ததா?" என்று கேட்டார்.

இரண்டும்தான் என்றேன். அவரிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தாமஸ் டேனியல் என்பவர் 1749-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழிலில் ஆரம்பித்துச் சித்திரக்காரர் ஆனார். தம் சகோதரரின் மகன் வில்லியமை அழைத்துக்கொண்டு 1785-ல் கப்பலேறினார். பையனுக்கு அப்போது பதினாறு வயது. சீனா வழியாக 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வடக்கே இமயமலை அடிவாரம் வரை சுற்றிவிட்டு, 1792-ல் சென்னைக்கு வந்தார்கள். திப்பு சுல்தானுடன் நடந்த யுத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஓசூர், ராயக்கோட்டை, சங்ககிரி, திருச்சி, மதுரை, பாபநாசம் அருவி என்று பல்லக்கிலும் குதிரையிலும் யாத்திரை. தஞ்சாவூர்ப் பெரிய நந்தியையும் மாமல்லபுரத்துக் குகைக் கோயிலையும் விடவில்லை. போட்டோ பிடிக்கும் முறை உலகத்துக்குத் தெரிந்தது 1839-ல்தான். ஆகையால் கண்ணும் கையுமே காமிரா.

1794-ல் ஊர் திரும்பிய பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது. செப்புத் தகட்டின் மேல் பிசின் தூளைச் சீராகத் தூவி, சூடு காட்டி ஒட்டவைப்பார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷால் மூடிவிட்டுத் தகட்டைத் திராவகத்தில் இடுவார்கள். தூளின் இடுக்குகளில் திராவகம் செம்பை அரிக்கும். எடுத்து, இளம் சாயல் வேண்டிய இடத்தையும் மூடி, மறுபடி இடுவார்கள். எத்தனை தரம் அரிக்கிறதோ அவ்வளவு கறுப்பு. ஒரு நிமிஷம் அதிகமானால் வானம் கறுத்துப் போய்விடும்! பிறகு மை தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் படம் இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால் தகட்டில் கோயிலைத் திருப்பிப் போட்டே வரைய வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வர்ணம்.

இப்படி 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. முழுத் தொகுதியின் விலை 210 பவுன். வாங்கிய சீமான்களுக்கு இந்தியப் பைத்தியமே பிடித்துவிட்டது. செசின்கோட் என்ற ஊரில் ஒருவர் தம் மாளிகையையே நம் ஊர்ப் பாணியில் கட்டினார். அங்கே தோட்டத்துப் பாலத்தின் மேல் இன்றும் நந்திகள் படுத்திருக்கின்றன.

அந்த 144-ல் எங்கள் செய்யாறு இல்லை என்பதில் எனக்குச் சிறிது மனத்தாங்கல்தான். பிரான்ஸில் டோபினி (1817–1878) என்ற சித்திரக்காரர் ஒரு படகையே சித்திரக் கூடமாக்கி, ஆற்றில் மிதந்துகொண்டே கரைகளை வரைந்தார். அந்தப் படகு வாழ்க்கையைச் செப்புத் தகட்டிலும் பொறித்தார். எங்கள் ஆற்றில் படகு விடத் தண்ணீருக்கு எங்கே போவது!

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கீழே பேர் போட்டிருக்கே சார். கொடுத்து வைத்தவங்க" என்றார்.

அந்தப் பெயரிலும் ஒரு சங்கதி உண்டு. தகட்டு வேலையில் இரவு பகலாக உழைத்தவர் வில்லியம். ஆனால் முதல் பகுதியின் முகப்பில் பெரியவர் தாமஸின் பெயர் மட்டுமே இருந்தது. வில்லியமின் பெயர் பின்னால் வந்த பகுதிகளில்தான் சேர்ந்தது. அதற்கும் முன்பு, கல்கத்தாவில் 1786 முதல் 1788 வரை பன்னிரண்டு நகரக் காட்சிகளைத் தாமஸ் அச்சிட்டபோது, வர்ணம் தீட்ட உள்ளூர்ச் சித்திரக்காரர்கள் உதவினார்கள். அவர்கள் பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை. கை அவர்களுடையது, பெயர் வேறொருவருடையது.

நான் இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். மணவறைப் பக்கம் கையைக் காட்டி, "அதோ, பொண்ணு கட்டியிருக்கிற புடவை என் தறியில் இறங்கினதுதான். நான் சொன்னால்தான் உங்களுக்கே தெரியும்" என்றார். அந்தக் கூடத்தில் இருநூறு பேர் புடவையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள். என்ன விலை என்று கேட்டார்கள். யார் நெய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்கமாட்டேன்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பட்டுப் புடவை எடுக்கும்போது, ஜரிகையைத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இதை நெய்தவர் யார்?" என்றும் கேளுங்கள். தெரிந்தால், ஒரு துண்டுக் காகிதத்தில் ஊரையும் பெயரையும் எழுதிப் புடவையோடு பீரோவில் வையுங்கள். உங்கள் பேத்தி அதைக் கட்டும்போது அந்தப் பெயரும் கூடவே போகட்டும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, கேட்டு வையுங்கள். பத்துப் பேர் கேட்டுவிட்டால், பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்ல அவர் தெரிந்துவைத்துக்கொள்ளத்தானே வேண்டும்?