ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியிடம்

எமது கல்லூரியிற் கற்றுக் கடல் கடந்து சென்று, விஞ்ஞானத்துறையிலே ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றோருள், அதன் பின்னரும் வைத்தியராதல் வேண்டுமென விழைவோர் சிலர் உளர். அன்னோர் பிரித்தானியாவில் மருத்துவக் கல்லூரி புக வேண்டின், நேர்முகப் பரீட்சையைக் கடந்தே புகுதல் வேண்டும். இலங்கையிலோ அரசினர் பல்கலைக்கழக மருத்துவ பீடங்களுக்கு உயர்தரப் பரீட்சையிற் பெற்ற புள்ளிகளைக் கொண்டே மாணவர் தெரிவாகின்றனர். ஆதலின் நம்மவர்க்கு இது பழகாத பரீட்சையாகும். இதனைக் குறித்துத் தமிழாசிரியர் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். சொல்லையும் செவியையும் அளந்து பார்ப்பதொரு பரீட்சை எமது துறைக்குப் புறம்பானதன்று என்பதே எமது விடை.

பட்டதாரிகளுக்கென நான்காண்டு மருத்துவப் பாடநெறியை இலண்டனிலுள்ள சென் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரி 2000 ஆம் ஆண்டிலே தொடக்கிற்று. பின்னர் வேறு பல கல்லூரிகளும் அவ்வழிச் சென்றன. நேர்முகப் பரீட்சை இருவகைப்படும். பரீட்சகர் சிலர் ஒருங்கிருந்து வினாவுதல் பழைய முறை. மற்றையது, கனடாவிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை. இதிலே விண்ணப்பகாரர் ஓரிடத்திற் சில நிமிடங்களே நின்று, மணி ஒலித்ததும் அடுத்த இடத்துக்குச் செல்வர். ஓரிடத்தில் அறநெறி பற்றிய சிக்கல். இன்னோரிடத்தில் துயரச் செய்தி கேட்டுக் கலங்குபவர்போல் நடிக்கும் ஒருவர். பிறிதோரிடத்தில் ‘ஏன் வைத்தியராக விரும்புகின்றீர்?’ என்னும் வினா. ஓரிடத்திற் பெற்ற பெருமை அடுத்த இடத்துக்கு உடன் வாராது.

கலாநிதிப் பட்டம் பெற்றார்க்கு இடர் விளைவதும் இங்கேதான். அவர் ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சையிலே தம் கொள்கையைத் தளராது நிறுத்தி வென்றவர். எதிர்ப்போரை ஆதாரங்காட்டி மறுத்தல் ஆண்டுக்கணக்காக அவர்க்கு வழக்கமாயிற்று. அதே கோலத்தோடு இங்கும் வந்து தம் ஆராய்ச்சியை விரித்துரைப்பாராயின், பரீட்சகர் வியப்பர்; புள்ளி வழங்கார். ஆங்கு வேண்டப்பட்டது நிலைநாட்டல். ஈங்கு வேண்டப்படுவது செவிசாய்த்தல். இவ்வேறுபாட்டை உணர்தலே ஆயத்தத்தின் முதற்படி என்பது எமது துணிபு.

‘ஆராய்ச்சியாலும் நோயாளர்க்கு உதவலாமே, அதனை விட்டு ஏன் வருகின்றீர்?’ என்னும் வினா தவறாது எழும். அது வலிமை மிக்க வினா. பீற்றர் மெடவார் விலங்கியலாளரேயன்றி வைத்தியர் அல்லர். எனினும் ஒருவருடலின் இழையத்தைப் பிறிதோருடல் ஏற்பதும் மறுப்பதும் பற்றிய அவருடைய ஆய்வு, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அடிப்படையாயிற்று. 1960 இல் நொபெல் பரிசில் ஒரு பங்கையும் அவர்க்கு ஈட்டித் தந்தது. ஆகவே ‘மக்களுக்குத் தொண்டு செய்ய விரும்புகின்றேன்’ என்று கூறின் விடை நிரம்பாது. ஆராய்ச்சியை இகழ்ந்து கூறின் அது நன்றி மறத்தலாகும். நோயாளியின் அருகிருந்து, முடிவின் பொறுப்பைத் தாமே ஏற்கும் தொழிலை ஏன் விரும்பினார் என்பதைத் தம் அநுபவங் கொண்டு காட்டல் வேண்டும். அவ்வநுபவம் இல்லாதார் முதலில் அதனைத் தேடுக. முதியோர் இல்லத்திலோ வைத்தியசாலையிலோ சில மாதம் பணிபுரிந்தவர் கூறும் எளிய விடை, பத்து நூல் படித்தார் கூறும் விடையினுஞ் சிறக்கும்.

இனி, சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவாம். தம் ஆய்வைத் துறையறியாத ஒருவர்க்கு இரண்டு நிமிடத்தில் விளங்கவைக்க இயலாதவர், நோயின் இயல்பை நோயாளிக்கு விளக்குவது எங்ஙனம்? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களையுந் தமிழாக்கினார். கேட்போர் மொழியிற் கூறுதலும் வைத்தியத்தின் ஒரு கூறு என்பதற்கு அவர் பணி நம் மண்ணிலேயே உள்ள சான்று. ஆதலின் விண்ணப்பகாரர் தம் ஆய்வைத் தாயார்க்கோ அயலார்க்கோ சொல்லிப் பழகுவாராக. அவர்கள் இடைமறித்து வினவும் இடங்களே திருத்தவேண்டிய இடங்கள்.

செவியோ சொல்லினும் அரிது. வள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து நோயாளியையே முதலில் வைத்தார். கலங்கி நிற்பவர்க்கு உடனே அறிவுரை கூற விரைபவர், நோயாளியைப் பின்னே தள்ளியவராவர். அவர் சொல்வதை முற்றக் கேட்டு, அஞ்சுவது யாதென வினவி, பின்னரே பேசுதல் முறை.

அங்ஙனமாயின் கலாநிதிப் பட்டத்தாற் பயனில்லையோ எனின், உண்டு, பெரிதும் உண்டு. பலகாலும் பிழைத்த பரிசோதனையை மீளத் தொடங்கிய பொறுமை, தம் முடிவையே ஐயுற்று நோக்கும் நேர்மை, அறியாததை ‘அறியேன்’ எனக் கூறும் துணிவு என்னும் இம்மூன்றும் வைத்தியர்க்கு இன்றியமையாதன. கண்டுபிடித்ததைச் சொல்லுவதினும், கண்டுபிடிக்க இயலாது நின்ற நாள்களில் தாம் செய்தது யாதெனச் சொல்லுதல் பரீட்சகர்க்கு அவர் இயல்பை நன்கு காட்டும்.

விடைகளை மனனஞ் செய்து ஒப்புவிக்குமாறு பயிற்றுவோர் உளர். யாம் அதனை விரும்புகின்றிலேம். மனனஞ் செய்த விடை வினா சிறிது திரும்பின் நழுவிவிடும். எண்ணிப் பார்த்த விடை எத்திசை திரும்பினும் உடன் நிற்கும்.

இறுதியாக ஒன்று. இவ்வாறு தம்மைத் தாமே வினவும்போது, தம் உள்ளம் ஆராய்ச்சியையே நாடுகின்றது என ஒருவர் காண்பாராயின், மீண்டு செல்லுதல் இழிவன்று. பெற்றோரின் ஆசைக்காகவும் ஊராரின் மதிப்புக்காகவும் வைத்தியராக விழைதல் நம்மிடையே நெடுங்காலம் வேரூன்றிய வழக்கம். முப்பது வயதிலேனும் அதனைத் தாமே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். தெளிந்தபின் முன்செல்வார்க்கு நேர்முகப் பரீட்சை அச்சந் தருவதொன்றன்று. தாம் உண்மையாக எண்ணியதை எடுத்துரைக்கும் ஓர் அவையேயாம்.