தந்தம் இல்லை, மதம் உண்டு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் எருத்தேன்பதியைத் தாண்டினால் பொள்ளாச்சி வட்டாரம். 2023 பிப்ரவரியில் அந்த வட்டாரம் வழியாக ஒரு மக்னா யானை கோவை வரை நடந்தே போனது. தருமபுரி மாவட்டத்தில் பிடித்து டாப்ஸ்லிப் காட்டில் கொண்டுபோய் விடப்பட்ட ஆண் அது. புது இடம் பிடிக்கவில்லை போலும், கிளம்பிவிட்டது. மக்னா என்றால் தந்தமில்லாத ஆண். காட்டில் கொம்பன்களோடு மோத நேர்ந்தால் இதன் கதி என்ன?

அப்படி ஒன்றும் பரிதாபமில்லை. ஆண் மிருகங்கள் பெரும்பாலும் ஏன் சாகும்வரை சண்டையிடுவதில்லை என்ற கேள்விக்கு 1973இல் 'நேச்சர்' இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும். அதுவரை பலரும் சொன்ன பதில், இனம் அழியாமலிருக்க அவை விட்டுக்கொடுக்கின்றன என்பது. கேட்க நன்றாயிருக்கும். ஆனால் விட்டுக்கொடுக்காத ஒரு முரடன் பிறந்தால் போதும், எல்லாவற்றையும் அவனே அள்ளிக்கொள்வான்.

கணக்கு இதுதான். ஒரே இனத்தில் இரண்டு சுபாவங்கள்: பாயும் 'பருந்து', பின்வாங்கும் 'புறா'. ஜெயித்தால் லாபம் 50, காயம்பட்டால் நஷ்டம் 100. இரு பருந்துகள் மோதினால் சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 25 நஷ்டம். பருந்தைக் கண்டு ஓடும் புறாவுக்கு நஷ்டமே இல்லை. எனவே பருந்துகள் பெருகினால் புறாவாயிருப்பது லாபம்; புறாக்கள் பெருகினால் பருந்தாயிருப்பது லாபம். இந்த எண்களில், பாதிக்குப் பாதியில் தராசு நிற்கும். இனநலம் பற்றி எந்த மிருகமும் கவலைப்பட வேண்டியதில்லை.

நிஜக் காட்டில் இன்னொரு வித்தை உண்டு. எதிராளியை எடைபோட்டுவிட்டு இறங்குவது. யானைக்கு அந்த எடைக்கல், மதம். கன்னத்தில் மதநீர் ஒழுகும், சிறுநீர் சொட்டும், ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறும். தீனி குறைந்து உடம்பு இளைக்கும். நோஞ்சான் ஆணால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால்தான் இந்த விளம்பரத்தை மற்ற ஆண்கள் நம்புகின்றன. (பயிருக்குள் புகும் ஒற்றை யானைக்கெல்லாம் 'மதம் பிடித்தது' என்று தலைப்புப் போடும் பத்திரிகைகளுக்கு இந்த நுணுக்கம் எட்டுவதில்லை.)

மக்னாக்களும் கொம்பன்களும் கலந்து வாழும் அசாமின் காசிரங்காவில் கற்பகம் செல்லையாவும் ரா.சுகுமாரும் ஆண்களின் மோதல்களைக் கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் செல்வது மதம். அடுத்து உடல் பருமன். தந்தத்துக்குக் கடைசி இடம்தான். மதத்திலிருக்கும் ஆணுக்கு, தன்னைவிடப் பெரிய, மதமில்லாத ஆணே வழிவிடும். இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆண்கள் தந்தமின்றியே வம்சம் வளர்க்கின்றன.

தென்னிந்தியாவிலோ ஆண்களில் பெரும்பாலானவை கொம்பன்கள். சண்டையில் கடைசி இடம் பிடித்த அந்த ஆயுதத்துக்கு மனிதச் சந்தையில் முதல் மரியாதை. இடுக்கியின் பெரியாறு காட்டில் தந்த வேட்டை கொம்பன்களைத் தேடித்தேடிச் சாய்த்தது. 1980களின் இறுதியில் அங்கே வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண்கள் சுமார் நூறு. எடைபோட்டுப் பார்க்க எதிராளியே அகப்படாத காடு அது.