சிவப்புப் புள்ளிக்கே முதல் ஓட்டு

சினிமாவில் வில்லனின் ஆள் மொட்டை மாடியில் படுத்துக் குறிவைத்ததும், கதாநாயகனின் சட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்து வரும். அது லேசர். துப்பாக்கிக்காரர்கள் ‘ரெட் டாட்’ என்று சொல்லும் கருவி வேறு. எதிரே இருப்பவர் மேல் அது எந்த வெளிச்சத்தையும் பாய்ச்சாது. ரைஃபிளின் முதுகில் பொருத்திய சின்னக் குழலுக்குள் ஒரு எல்.இ.டி. இருக்கும். அதன் ஒளி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சுடுபவரின் கண்ணுக்கு மட்டும் புள்ளியாகத் தெரியும். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் நேர்கோட்டில் நிறுத்தும் வேலை மிச்சம். இரண்டு கண்களையும் திறந்தபடி புள்ளியை இலக்கில் வைத்துச் சுடலாம்.

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் இதற்கு அனுமதி கிடையாது. அங்கே இன்றும் துளைக் குறிதான். ஆனால் வேட்டைக்காரர்களும் ராணுவத்தினரும் இதைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். புள்ளி சிவப்பாக இருக்க வேண்டுமா, பச்சையாக இருக்க வேண்டுமா என்பதில்தான் இழுபறி. அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் இன்று இரண்டுமே கிடைக்கின்றன.

பச்சைக்கு வாதாடுபவர்கள் நேராக உடலியலைத்தான் துணைக்கு அழைப்பார்கள். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை. இந்தக் கருவிகளில் வழக்கமாக வரும் 650 நானோமீட்டர் சிவப்பை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுக்கே உணர்கிறது. இந்த இரண்டு எண்களும் சரி. இவற்றை வைத்துப் பச்சைக்கு வெற்றி மாலை போடுவதுதான் அவசரம்.

சிவப்பு எப்படி வந்தது என்று முதலில் பார்க்கலாம். யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த நிறம் அல்ல அது. நிக் ஹோலோன்யாக் 1962-ல் உருவாக்கிய, கண்ணுக்குத் தெரியும் எல்.இ.டி. சிவப்பு ஒளி தந்தது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-ல் தன் முதல் மின்னணு ரெட் டாட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பட்டப்பகலிலும் தெரியும் அளவுக்குப் பிரகாசமான பச்சை எல்.இ.டி. உலகில் இல்லை. ஜப்பானில் ஷூஜி நகாமுரா போன்றவர்களின் உழைப்பால் 1990-களில்தான் அது வந்தது. அதுவரை போட்டியே இல்லாததால் சிவப்பு தானாக நாற்காலியில் உட்கார்ந்தது. அமெரிக்க ராணுவம் 1997-ல் எய்ம்பாயிண்ட் கருவியை ‘எம்68’ என்ற பெயரில் ஏற்றதும் அந்த நாற்காலி உறுதியானது.

பிரகாசமான பச்சை வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சிவப்பு நீடிப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல. முதல் காரணம் பேட்டரி. சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பச்சைக்கு 3 வோல்ட் அருகில் வேண்டும். கருவிக்குள் இருப்பதோ பெரும்பாலும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி. மின்சாரத்தை ஒளியாக மாற்றும் திறனிலும் பச்சை எல்.இ.டி. பின்தங்கியது, பொறியாளர்களை நெடுநாளாகப் படுத்தும் சிக்கல் இது. எய்ம்பாயிண்டின் ‘மைக்ரோ டி-2’ சிவப்புப் புள்ளி ஒரே பேட்டரியில் 50,000 மணி நேரம் எரியும் என்கிறது நிறுவனம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அணைக்காமலே வைத்திருக்கலாம் என்று அர்த்தம்.

இரண்டாவது காரணம் முன்கண்ணாடியில் இருக்கிறது. புள்ளியின் நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற ஒளியை உள்ளே விடும் மெல்லிய பூச்சு அதில் உண்டு. சிவப்பு, நிறமாலையின் ஓரத்தில் இருப்பது. அதில் ஒரு கீற்றைத் தடுத்தால் காட்சி லேசாக நீலம் பாய்வதோடு சரி. பச்சையோ நடுவில், கண்ணுக்கு மிகவும் வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதைத் தடுத்தால் இலக்கிலிருந்து வரும் வெளிச்சமும் கூடவே குறைகிறது. பச்சைக்குப் பெருமை சேர்த்த அதே 555 நானோமீட்டர் கணக்கு இங்கே அதற்கு எதிராகத் திரும்புகிறது.

புள்ளி பிரகாசமாக இருந்தால் மட்டும் போதாது. பின்னணியிலிருந்து பிரிந்தும் தெரிய வேண்டும். பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கக் கருவியிலேயே திருகு உண்டு. பின்னணியை மாற்றத் திருகு இல்லை. புல்லும் இலையும் நிறைந்த இடத்தில் பச்சைப் புள்ளி கரைந்துபோகும். இலையுதிர்காலத்துச் செம்பழுப்புக் காட்டில் சிவப்பு திணறும், பச்சை எடுப்பாக நிற்கும். இருட்டில் மறுபடியும் சிவப்புக்குச் சாதகம். இரவுப் பார்வைக்கு உதவும் விழித்திரைச் செல்களை 650 நானோமீட்டர் சிவப்பு அதிகம் சீண்டுவதில்லை.

பச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கக்கூடிய ஒரு கூட்டம் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிவப்பு ஒளியே மங்கித் தெரியும். அவர்களுக்குப் பச்சைப் புள்ளி பெரிய உதவி. இந்திய ராணுவம் உட்படப் பல படைகள் ஆள் எடுக்கும்போதே நிறப்பார்வையைச் சோதிப்பதால், இந்த வாதம் படைகளிடம் எடுபடுவதில்லை.

“சிவப்புப் புள்ளி எனக்கு வால் முளைத்த மாதிரி தெரிகிறது, பச்சை பரவாயில்லை” என்று சிலர் சொல்வதுண்டு. பல நேரங்களில் குற்றம் நிறத்தின் மேல் இல்லை; கருவிழியின் வளைவில், அதாவது அஸ்டிக்மாடிசத்தில் இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். கருவியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிக் கண்ணெதிரே பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். வாலும் சேர்ந்து சுழன்றால் பழுது கருவியில். வால் அசையாமல் அதே பக்கம் நின்றால் கோளாறு கண்ணில்; போக வேண்டிய இடம் கண் மருத்துவரிடம். பிரகாசத்தை அளவுக்கு மேல் ஏற்றி வைப்பவர்களுக்கும் புள்ளி சிதறித்தான் தெரியும். இலக்கின் மேல் புள்ளி தெரிந்தால் போதும் என்ற அளவுக்குத் திருகைக் குறைத்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

ஆகவே முதன்முறையாக வாங்குபவர் சிவப்பையே எடுக்கலாம். சிவப்பு மங்கித் தெரிபவர்களும், செம்மண்ணிலும் காய்ந்த காட்டிலும் சுடுபவர்களும் பச்சைக்குப் போகலாம். எதுவானாலும் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாமல், வெளியே வெயிலில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுப்பது நல்லது.