விரலின் வேகமும் நாதத்தின் நிறமும்

பிள்ளைக்குக் கீபோட் வாங்கிக் கொடுத்து ஓராண்டு கழிந்த பின்னும், அதன் வாசிப்புத் தட்டெழுத்துப் பொறியில் அடிப்பதுபோல் இருக்கின்றதென்று குறைப்படும் பெற்றார் பலர். "இவனுக்கு இது வராது" என்ற தீர்ப்பு அடுத்து வந்துவிடுகின்றது. வாத்தியம் உறையிற் புகுந்து அலுமாரியின் மேல் ஏறிவிடுகின்றது. அவ்வாறு தீர்ப்புச் சொல்லுமுன் வாத்தியத்தையும் ஒரு முறை விசாரித்தல் நீதியன்றோ? சிந்தசைசர் எனப்படும் மின்வாத்தியத்தில், விரலின் குறைபோலத் தோன்றுவது சிலவேளைகளில் அமைப்பின் குறையாகவே இருக்கும்.

நம்மவர் நன்கறிந்த கட்டை வாத்தியம் ஆர்மோனியம். அதிலே கட்டையை மெல்ல அமர்த்தினாலென்ன, ஓங்கி அடித்தாலென்ன, ஒலியின் அளவு மாறாது. துருத்தியை இயக்கும் கையே அதனைத் தீர்மானிக்கின்றது. மேனாட்டாரின் ஆர்ப்சிக்கோட்டிலும் இறகுமுள் ஒன்று கம்பியைச் சுண்டுவதால், விரலின் தன்மை வெளிப்படுவது அரிது. 1700ஆம் ஆண்டளவில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே பார்த்தோலோமெயோ கிறிஸ்தோபோரி என்பவர் முள்ளை நீக்கிச் சிறு சுத்தியலை வைத்தார். அன்றுமுதல் மெல்லிய விரலுக்கு மெல்லிய நாதமும், விரைந்த விரலுக்குப் பெரிய நாதமும் கிடைத்தன. பியானோ என்பதே 'மெல்ல' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்தான்.

மின்வாத்தியம் இப்பாடத்தை மீண்டும் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. அமெரிக்கரான றொபேட் மோக் 1964இல் தமது சிந்தசைசரை உலகுக்குக் காட்டினார். ஆயினும் 1970இல் வந்த மினிமோக்கின் கட்டைகள்கூட விரலின் வேகத்தை அறியமாட்டா. 1983இல் வெளிவந்த யமகா டீ.எக்ஸ்.7 அவ்வுணர்வைப் பலருடைய கைக்கும் கொண்டுசென்றது. மின்வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி என்னும் பொது ஒழுங்கும் அவ்வாண்டிலேயே வந்தது. அவ்வொழுங்கின்படி ஒவ்வோர் அடியின் வேகமும் 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாகின்றது.

இந்த எண் எங்கிருந்து வருகின்றது? கட்டையின் கீழே, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரு மின்தொடுகைகள் பெரும்பாலான வாத்தியங்களில் உள்ளன. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை வாத்தியம் அளக்கின்றது. நேரம் குறைந்தால் எண் கூடும். ஆகவே அளக்கப்படுவது பலம் அன்று, வேகமே. தோளைக் குனிந்து மெதுவாக அழுத்தும் பிள்ளைக்குச் சிறிய ஒலிதான் கிடைக்கும். அதனைக் கண்டு "இன்னும் அழுத்து" என்று அதட்டுவதாற் பயனில்லை.

விரலின் வேகத்துக்கு எந்த எண்ணை வழங்குவதென்று நாமே தெரிவுசெய்யலாம். பட்டியலில் மென்மை, நடு, கடினம், நிலை என்ற பொருளுடைய பெயர்கள் காணப்படும். ஒரு நிறுவனத்தார் மென்மை என்பதை மற்றவர் வேறு கருத்தில் வழங்குவதுமுண்டு. எனவே பெயரை விடுத்துச் சோதித்துப் பார்த்தலே தக்கது. பியானோ ஒலியைத் தெரிந்து, நடுவிலுள்ள ஒரு கட்டையை மிக மெதுவிலிருந்து மிக வேகம்வரை ஐந்து படியாக அடிக்கச் செய்க. மூன்றாம் படியிலேயே முழு ஒலியும் வந்துவிட்டால் அமைப்பு அவ்விரலுக்கு மிக இளகியது. ஐந்தாம் படியிலும் வராவிடின் மிக இறுகியது. சோதிக்க வேண்டியது பிள்ளையின் விரலையே, தந்தையாரின் விரலையன்று.

'நிலை' என்பதில் எல்லா அடிக்கும் ஒரே எண்தான். தட்டெழுத்துப் பொறி என்று நாம் நொந்துகொண்டது பெரும்பாலும் இதுவே! எனினும் ஓகன், ஆர்ப்சிக்கோட், ஆர்மோனியம் ஆகியவற்றின் ஒலிகளுக்கு அதுவே பொருத்தம்.

இனி அலைவடிவம். பௌதிகவியல் பயிலும் மாணவர் இப்பகுதியைக் காதாற் கற்கலாம். சைன் அலையில் அடிப்படைச் சுரம் ஒன்றே உண்டு, மேற்றொனிகள் இல்லை. வாள்பல் அலையில் எல்லா மேற்றொனிகளும் உள்ளன. அடிப்படையின் இருமடங்கு மீடிறனுடையது அரைப்பங்கு வீச்சமும், மும்மடங்குடையது மூன்றிலொரு பங்கு வீச்சமும் பெறும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருப்பதால் கிளாரினெற்றின் கீழ்ச்சுரம்போல் உட்குழிந்து ஒலிக்கும். முக்கோண அலையிலும் அவையே. ஆனால் மும்மடங்குடையதற்கு ஒன்பதிலொரு பங்குதான். ஆதலின் அது புல்லாங்குழலை நினைவூட்டும்.

வேகமும் அலைவடிவமும் சந்திக்கும் இடமே சுவையானது. பியானோவில் விரைந்து அடித்தால் ஒலி பெருப்பதோடு நிற்பதில்லை. மேற்றொனிகள் மிகுந்து நாதம் பளிச்சிடும். சிந்தசைசரில் இவ்வேலையைச் செய்வது வடிகட்டி. வேகம் கூடக்கூட அது திறக்குமாறு அமைத்தால், மெல்லிய அடி மங்கலாகவும் விரைந்த அடி ஒளியுடனும் கேட்கும். ஆனால் சைன் அலையை வைத்துக்கொண்டு வடிகட்டியை எவ்வளவு திறந்தாலும் நிறம் மாறாது; வெளிவருவதற்கு உள்ளே மேற்றொனி எதுவும் இல்லையே! இதனையறியாது வாத்தியத்தைத் திருத்துபவரிடம் தூக்கிச் செல்வோரும் உளர். வாள்பல் அலைக்கு மாற்றி, வடிகட்டியைப் பாதிக்குமேல் மூடி, வேகத்துக்கு அது இணங்கும் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்துக. ஒலியளவு வேகத்துக்கு இணங்குவதை மட்டும் அதிகமாக்கினால், மெல்லிய சுரங்கள் காதுக்கு எட்டாமற் போகும். ஆகையால் நிறத்துக்கு மிகுதியும் அளவுக்குக் குறைவுமாகப் பங்கிடுதல் என் விருப்பம்.

அமைத்து முடிந்ததும் சேமிக்கும் பொத்தானை அமுக்குக. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. வெறுமையான ஓர் இலக்கத்திற் சேமித்தால், வாத்தியத்தோடு வந்த பழைய ஒலியும் அழியாதிருக்கும்.